லேபிளில் உள்ள ஊசியை எடுத்தால் மட்டும் அளவு சரியாக வந்துவிடுமா?

"நூல் லேபிளில் போட்டிருக்கும் பின்னல் ஊசியை எடுத்தால் ஸ்வெட்டரின் அளவு தானாகச் சரியாக வரும், முதலில் அளந்து பார்க்க ஒரு சிறு மாதிரித் துண்டு பின்னுவது வீண் வேலை" என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. இது தவறு.

லேபிளில் இருப்பது பரிந்துரை மட்டுமே. ஒரே நூல், ஒரே 4 மி.மீ. ஊசி என்றாலும் ஒருவர் இறுக்கிப் பின்னுவார், இன்னொருவர் தளர்வாக. கணக்கைப் பாருங்கள்: 10 செ.மீ.க்கு 22 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) என்று சொல்லும் ஸ்வெட்டருக்கு 220 கண்ணி போட்டால் சுற்றளவு 100 செ.மீ. நம் கைக்கு 20 கண்ணிதான் வருகிறது என்றால், அதே 220 கண்ணி 110 செ.மீ. ஆகிவிடும். வெறும் இரண்டு கண்ணி வித்தியாசம்! வாரக்கணக்கில் பின்னியதைப் பிரிப்பது எவ்வளவு வேதனை என்பது பிரித்தவர்களுக்குத் தெரியும்.

அதனால் முதலில் மாதிரித் துண்டு பின்னுங்கள்; அது 15 செ.மீ. சதுரமாவது இருக்கட்டும். ஓரங்கள் சுருளும், அதனால் நடுவில் அளக்க வேண்டும். அதற்கு முன், ஸ்வெட்டரை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே இந்தத் துண்டையும் துவைத்துக் காயவையுங்கள். மெஷினில் துவைக்கப் பதப்படுத்திய கம்பளி நூல்கள் பல நனைந்தபின் நன்றாகவே நீளும். கண்ணி குறைவாக வந்தால் மெல்லிய ஊசி, கூடுதலாக வந்தால் தடித்த ஊசி. அப்புறம் மறுபடி ஒரு துண்டு.

மஃப்ளருக்கு இவ்வளவு கறார் வேண்டாம். நூல் மட்டும் கொஞ்சம் கூடக்குறைய ஆகும்.