மட்டி வாய் திறந்தால் மட்டும் போதாது

சிப்பி, மட்டி சாப்பிடுவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவற்றில் ஈ.கோலை (மலத்தில் இருக்கும் பாக்டீரியா) அளவு குறைவாக இருந்தால் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று அதில் ஒரு வரி வருகிறது. மலத்திலிருந்து வரும் பாக்டீரியாவுக்கு அது ஓரளவு சரி, வைரஸுக்குச் சரிப்படாது. சுத்தமான நீரில் ஓரிரு நாள் போட்டு வைத்தால் ஈ.கோலை பெரும்பாலும் போய்விடும். வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸும் மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் அவ்வளவு லேசில் போகாது.

எனக்கு ஊர் கடலோரத் தொண்டி. வீட்டில் மட்டியைப் பிளக்கும்போது சதைக்கு நடுவே பச்சையும் கறுப்புமாக ஒரு சின்னப் பை தெரியும். அம்மா அதை 'அழுக்கு' என்று நகத்தால் கிள்ளி எறிவார். அதுதான் செரிமானச் சுரப்பி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகத்திலும் அதைத்தான் வெட்டி எடுக்கிறார்கள். நொதி சேர்த்துக் கரைத்து, வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவைப் பிரித்து, ஆர்டி-பிசிஆரில் பார்க்கிறார்கள். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே வகைச் சோதனை. என்ன ஒன்று, வீரியம் இழந்த வைரஸின் ஆர்என்ஏ மிச்சமிருந்தாலும் 'உண்டு' என்றே காட்டும்.

1988-ல் ஷாங்காயில் சரியாக வேகாத மட்டி தின்று சுமார் 3 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை. எங்கள் வீட்டில் பச்சையாகத் தின்பதில்லை, அந்த மட்டும் நிம்மதி. ஆனால் ஓடு வாய் பிளந்ததுமே அடுப்பை அணைத்துவிடுவோம். வைரஸ் சாக வேண்டுமென்றால் சதையின் உள்ளே 90 டிகிரியில் ஒன்றரை நிமிடமாவது வேக வேண்டும். ஓடு அதற்கு முன்பே திறந்துவிடும்.

அப்புறம், சாக்கடை கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே மட்டி பொறுக்குகிறார்களே, அதைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லையே?