ஒரே ஒரு பைக் வைத்திருப்பவனுக்கு

ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகனுடைய படத்துக்குக் கீழே நடந்த கூத்தை உங்களில் நிறையப் பேர் பார்த்தீர்கள். சிலர் சிரிப்புக் குறியும் போட்டிருந்தீர்கள், பெயர்கள் ஞாபகம் இருக்கிறது. பையன் படத்தை எடுத்துவிட்டான். கேட்டால், "விடுங்க மாமா, சும்மாதானே சொன்னாங்க" என்கிறான். அவன் விட்டுவிட்டான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அவனிடம் இருந்த காசுக்கு இரண்டு பைக் பார்த்தோம். ஒன்று ஹோண்டா ஏஎக்ஸ்-1. 80களின் கடைசியில் ஜப்பானில் வந்த 250 சிசி, தண்ணீர் கூலிங், ஆறு கியர், உயரமாக நிற்கும். இந்தப் பக்கத்துப் பையன்கள் அதைப் பார்த்தால் கோயில் தேரைப் பார்த்த மாதிரி நிற்பார்கள். மற்றது 2019 யமஹா எஃப்இசட், வேர்ஷன் த்ரீ, 149 சிசி. என்னிடம் கேட்டான். எஃப்இசட்டை எடு என்றேன். எடுத்தான், கழுவித் துடைத்தான், செயின்ட் கிளேயர் நீர்வீழ்ச்சி தெரிகிற வளைவில் நிறுத்திப் படம் போட்டான். "பால் கொண்டுபோக நல்ல வண்டி தம்பி" என்று ஒரு பெரிய ரைடர் அண்ணன் எழுதினார். பிறகு வரிசையாக வந்தார்கள் மற்றவர்கள்.

அன்றைக்கு அவனிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். ஒரே ஒரு பைக் வைத்திருக்கப்போகிறவன் பழைய பைக் வாங்கக்கூடாது. பழைய பைக் என்பது இரண்டாவது பைக். காலையில் அது ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சிரித்துவிட்டு மற்றச் சாவியை எடுக்கிறவருக்கு அது அழகு. மற்றச் சாவி இல்லாதவனுக்கு அது கஷ்டம்.

ஏஎக்ஸ்-1ஐப் பார்க்காமலே பேசுகிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, பையனோடு நானேதான் போனேன். நாங்கள் போய்ச் சேரும்போதே இன்ஜின் சூடாக இருந்தது. பழைய பைக் பார்க்கப் போகிறவர்கள் முதலில் இன்ஜினில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் அது எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை உங்களுக்குக் காட்ட விருப்பமில்லை என்று அர்த்தம். டயரில் கட்டை, அதாவது தேயாத ரப்பர், நிறைய இருந்தது, பளபளவென்று இருந்தது. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் 2211. அதாவது 2011ஆம் ஆண்டின் 22ஆம் வாரம் செய்த டயர். நகத்தால் அழுத்தினேன், இறங்கவே இல்லை. அந்த டயரோடு தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு மழையில் ஏறி இறங்கிப் பாருங்கள். ஃபோர்க் குழாயில் விரலை வைத்து இழுத்தால் எண்ணெய் வந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர். மீட்டர் காட்டிய கிலோமீட்டரைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. இவ்வளவு வயதான பைக்கில் அந்த மீட்டர் ஒரு அலங்காரம்.

விற்கிறவர் நல்ல மனுஷன், அதையும் சொல்லிவிடுகிறேன். டீ எல்லாம் தந்தார். பைக்கை ஆசையாகத்தான் வைத்திருந்தார். ஆசை வேறு, ரப்பர் வேறு. ஹோஸ், சீல், பெற்றோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் காபரேட்டருக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த ரப்பர், பிரேக் குழாய், இதெல்லாம் ஓடினாலும் காயும், சும்மா நின்றாலும் காயும். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய எண்ணெய் நீளமான இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால் லீவரை முழுக்க அழுத்தினாலும் பைக் நிற்காது. நானுஓயாப் பக்கம் ராதெல்ல குறுக்கு வழியில் 2023 ஜனவரியில் நடந்த விபத்தில் 7 உயிர் போனது. அந்தச் சரிவு எப்படிப்பட்டது என்று வேலைக்கு அந்தப் பக்கம் போய்வருகிற எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. எஃப்இசட்டில் பிரேக் பிடித்தால் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான், ஒத்துக்கொள்கிறேன். மட்டும்தான் என்றாலும் இருக்கிறது.

இப்போது என் அண்ணன் கதை. அவர் வாங்கியது ஹோண்டா டிகிரி, 90களின் பைக், அதுவும் தண்ணீர் கூலிங். வாங்கின அன்று எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றார்கள், அப்பா பொட்டு வைத்தார். கொஞ்ச காலம் ராஜா மாதிரி போனார். பிறகு பிளக்குக்கு நெருப்புப் பொறி தருகிற சிடிஐ பெட்டி போனது. அட்டனில் இல்லை, கண்டியில் இல்லை. பழைய சாமான் விற்கிற கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் பஸ்ஸில் போய், கழற்றிய சாமான் ஒன்று வாங்கி வந்தார். போட்டார், ஓடியது, வட்டவளை தாண்டவில்லை, அதுவும் போனது. திரும்பக் கொண்டுபோனால் கடைக்காரர், "மின்சாரச் சாமானுக்குக் கரண்டி இல்லை" என்றார். 'கரண்டி' என்றால் உத்தரவாதம், எங்கள் ஊர் வழக்கில். பைக் லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க்குள் போனது. கோழி ஒன்று அதன் சீட்டுக்குக் கீழே அடைகாத்தது. பொய்யில்லை, குஞ்சும் பொரித்தது. அதற்குள் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்த வேலையில், பஸ் பிந்திப் பிந்தி, மூன்று பேருக்கு முன்னால் வைத்து ஒருநாள் அவமானப்படுத்தினார்கள். அம்மாவுக்கு இரவில் மூச்சுத்திணறல் வந்தபோது டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போக அடுத்த கணக்கிலிருந்து (தோட்டத்தின் அடுத்த பிரிவிலிருந்து) ஆட்டோ வரும்வரை வாசலில் நின்றோம். தார்ப்பாய் எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"அது பராமரிக்காதவன் பிழை." வரும் என்று தெரியும், அதனால் முதலே எழுதுகிறேன். பராமரிப்பு என்றால் காசு. அம்மா கொழுந்து பறிக்கிற வீடு இது. நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை கத்த வேண்டியிருந்தது, 1,350 ஆனது 2024இல். அந்த வீட்டில் வாட்டர் பம்ப் சீல் ஜப்பானிலிருந்து வரும் வரை காத்திருங்கள் என்று சொல்வது பராமரிப்பு ஆலோசனை இல்லை.

"எஃப்ஐ (எஃப்இசட்டில் பெற்றோலைக் கம்ப்யூட்டர் அளந்து விடுகிற முறை) போனால் ரோட்டில் தட்டிச் சரிசெய்ய முடியாது, காபரேட்டர் என்றால் ஸ்க்ரூட்ரைவர் போதும்." இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பற்றரி செத்தால் எஃப்ஐ பைக் பிடிவாதம் பிடிக்கும். ஆனால் எங்கள் டவுனிலேயே எஃப்ஐ பார்க்கிற மெக்கானிக் பாஸ்மார் இருக்கிறார்கள். அப்புறம், கீழே கித்துல்கலயில் டியூன் பண்ணிய காபரேட்டர் 1,868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவுக்கு ஏறும்போது என்ன ஆகும்? காற்று சுமார் ஆறில் ஒரு பங்கு மெலிந்துவிடும், பெற்றோல் அதே அளவு இறங்கும், பிளக் கறுக்கும், பைக் இருமும். எஃப்ஐயில் சென்சர் பார்த்து அதுவே குறைத்துக்கொள்ளும். எல்லாப் பைக்குக்கும் மேலே போனால் இழுவை குறையும், அது வேறு. இருமக்கூடாது, அவ்வளவுதான்.

"நிறுத்தி வைத்திருந்த வாகன இறக்குமதி 2025இல் திறந்துவிட்டது, இந்த எஃப்இசட்டின் விலை விழும், ஏஎக்ஸ்-1 விலை ஏறும்." விழட்டும். அவன் விற்க வாங்கவில்லை.

"149 சிசி டூரிங் பைக்கா?" இதுதான் எனக்கு மிச்சம் பிடித்த கேள்வி. இரண்டு பேர் ஏறினால் இறம்பொடை ஏற்றத்தில் எஃப்இசட் இரண்டாவது கியருக்கு வரும், 250 மூன்றாவதில் போகும். உண்மை. தோட்டத்துக் கல் ரோட்டில் ஏஎக்ஸ்-1 நடனமாடும், இது முதுகில் அடிக்கும். அதுவும் உண்மை. நானே இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன், ஏஎக்ஸ்-1இல் உட்கார்ந்தால் வருகிற அந்த உயரம், அந்தச் சத்தம், சரி, அதைப் பற்றி எழுதினால் பதிவு திசை மாறிவிடும். ஆனால் டூரிங் என்றால் என்ன என்று யார் தீர்மானித்தது? எங்கள் ஆட்கள் சிடி 100இல் மனைவியையும் பிள்ளையையும் பையையும் ஏற்றிக்கொண்டு கதிர்காமம் போய் வந்தவர்கள். மடுவுக்குப் போனார்கள், நல்லூர்த் தேருக்குப் போனார்கள். அவர்கள் பக்கத்தில் பெட்டி பூட்டவில்லை, ஹெல்மட்டில் கமரா பூட்டவில்லை, அதனால் அது டூரிங் இல்லை, பயணம் போலும். என் மருமகன் நுவரெலியாவில் ஹோட்டல் வேலை முடிந்து இரவில், பனியில், முன்னால் போகிற லொறியின் சிவப்பு லைட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். லீவு கிடைத்தால் அதே பைக்கில் திருகோணமலைக்குப் போகப்போகிறான். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் பைக்குக்கு வாரத்துக்கு 4 லீட்டர் என்று கியூஆர் அடித்துத் தந்த காலத்தை மறந்துவிட்டீர்களா? அப்போது 250 வைத்திருந்த எத்தனை பேர் எங்களிடம் பெற்றோல் கேட்டீர்கள் என்று எழுதவா?

எழுதவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

ஆனால் பால் விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் மாடு இருந்தது. அப்பா வேலைக்குப் போகும் முன் கறந்து, நானும் அக்காவும் ரோட்டடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு ஸ்கூலுக்குப் போனோம். சட்டையில் பால் வாடை இருக்கும். அந்த அண்ணனுக்கு இது தெரிந்திருக்காது, தெரிந்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. தெரியாமலே சரியான இடத்தில் குத்துகிற திறமை சிலருக்கு இருக்கிறது.

சனிக்கிழமை வருவார்கள், எங்கள் லயத்துத் தகரம் பின்னால் தெரிய பைக்கை நிறுத்துவார்கள், மலை அழைக்கிறது என்று எழுதுவார்கள், ஞாயிறு பின்னேரம் இறங்கிப் போவார்கள். ரோட்டில் பைக் படுத்தால் ஃபோன் பண்ண லொறி வரும். பழசின் அருமை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியவில்லையாம். வெள்ளைக்காரன் கட்டிய லயத்தில் இன்றைக்கும் குடியிருக்கிற எங்களுக்குப் பழசின் அருமையைச் சொல்லித்தர வருகிறார்கள். பழசை நாங்கள் விரும்பித்தான் வைத்திருக்கிறோம் என்று நினைக்கிறார்களோ தெரியாது. ஒரு பையன் தன் சொந்தச் சம்பளத்தில் புதுசாக, ஒழுங்காக, காலையில் பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிற ஒன்றை வாங்கினால் அதிலும் ருசி போதவில்லையாம்.

பழைய பைக் வைத்திருக்கும் என் நண்பர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களைச் சொல்லவில்லை. உங்களில் இரண்டு பேர் பைக்கைக் கழற்றிப் பூட்டுகிற அழகை நானே வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது வாழ்க்கை. வீட்டில் இன்னொரு வண்டியும் இருக்கிறது.

கமெண்ட் திறந்தே இருக்கிறது, யாரையும் பிளாக் பண்ணமாட்டேன். உங்கள் வீட்டு வாசலில் மொத்தம் எத்தனை வண்டி நிற்கிறது என்று முதல் வரியில் போட்டுவிட்டு, இரண்டாவது வரியிலிருந்து பையனுக்கு ஆலோசனை சொல்லுங்கள்.