மெரிடா நாடக விழா கல்லால் பிழைக்கவில்லை

ஸ்பெயினில் இருக்கும் மெரிடா ரோமானிய அரங்கத்தைப் பற்றிய பயணக் காணொளிகள் இப்போது நிறைய வருகின்றன. ஒவ்வொரு கோடையிலும் அங்கே செவ்வியல் நாடக விழா நடக்கிறது. அதைக் காட்டிவிட்டு "இரண்டாயிரம் வருடமாகத் தொடரும் மரபு" என்று குரல் கொடுத்துவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் மனசு கொதிக்கிறது. அந்த விழா ஏதோ தானாக வந்து நமக்குக் கிடைத்த மாதிரி ஆகிவிடுகிறது அந்த ஒரு வரியில். அதற்காக உழைத்து, அப்புறம் நாட்டையே இழந்தவர்களின் பெயர் ஒன்றுகூட வருவதில்லை.

மேடைக்கு வயது இரண்டாயிரம், சரி. கி.மு. 25இல் பேரரசர் அகஸ்டஸ் தன் படையிலிருந்து ஓய்வு பெற்ற வீரர்களைக் குடியேற்றிய ஊர் அது. கி.மு. 16-15 வாக்கில் அவருடைய மருமகன் அக்ரிப்பாவின் பெயரில் அரங்கம் எழுந்தது, ஏறக்குறைய 6000 பேர் உட்காரலாம். ரோமர்களின் காலம் முடிந்ததும் அதைச் சீந்த ஆளில்லை. மண் மூடிக்கொண்டே வந்து, கடைசியில் மேல்வரிசை இருக்கைகளின் ஏழு பகுதிகள் மட்டும் தரைக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றன. ஊர்மக்கள் அதை 'ஏழு நாற்காலிகள்' என்றார்கள், ஏழு மூர் (ஒரு காலத்தில் ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்) அரசர்கள் உட்கார்ந்து ஊரின் விதியைப் பேசிய இடம் என்று கதையும் சொன்னார்கள். 1910இல் மெலிதா என்கிற தொல்லியல் அறிஞர் தோண்ட ஆரம்பித்த பிறகுதான் படிகளும் மேடையும் வெளியே வந்தன. ஆக, நூறு தலைமுறை தொடர்ந்து வந்த மரபு எதுவும் இங்கே கிடையாது. பல நூற்றாண்டு மௌனம்தான் இருந்தது.

அதைக் கலைத்தது 1933 ஜூன் 18. மன்னராட்சி போய் ஸ்பெயினில் குடியரசு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நல்ல நாடகம் மாட்ரிட் பணக்காரர்களோடு நின்றுவிடக் கூடாது, மக்களிடம் போக வேண்டும் என்று அந்த அரசில் இருந்த பலர் உண்மையாகவே நம்பினார்கள். அன்றைய பிரதமர் மனுவேல் அஸான்யாவே நாடகம் எழுதியவர். அமைச்சர் பெர்னாண்டோ தெ லோஸ் ரியோஸ் இதற்குப் பின்னால் நின்றார். போட்டது பண்டைய ரோம எழுத்தாளர் செனகாவின் 'மெடியா'. செனகா அதே மண்ணில், கோர்தோபாவில் பிறந்தவர். லத்தீனிலிருந்து ஸ்பானிய உரைநடைக்குக் கொண்டுவந்தவர் சலமான்கா பல்கலைக்கழகத்தின் தலைவரும் எழுத்தாளருமான மிகெல் தெ உனாமுனோ. இயக்கம் சிப்ரியானோ ரிவாஸ் செரீஃப். மெடியாவாக நின்றவர் நடிகை மார்கரீதா ஷிர்கு.

இந்த நாடகத்தில் ஒரு இடம் இருக்கிறது. கணவன் ஜேசன் கைவிட்டுவிட்டான், அரசன் நாட்டை விட்டே போ என்கிறான், சொந்த ஊரும் இல்லை, சொத்தும் இல்லை. உன்னிடம் இனி எதுவுமே மிச்சமில்லை என்று செவிலி சொல்கிறாள். "மெடியா மிச்சம் இருக்கிறாள்" என்று பதில் வருகிறது. லத்தீனில் இரண்டே சொல். சாம்பல்நீலப் பளிங்குத் தூண்களுக்கு முன்னால், அத்தனை ஆயிரம் பேருக்கும் கேட்கிற மாதிரி ஒரு நடிகை அந்த வரியைச் சொல்ல வேண்டுமென்றால் எப்பேர்ப்பட்ட குரலும் திடமும் வேண்டும்! நாடகத்தோடு கொஞ்சமாவது பழகியவர்களுக்கு அது தெரியும். அடுத்த வருடமும் ஷிர்கு வந்தார், ஆஸ்திரிய எழுத்தாளர் ஹோஃப்மன்ஸ்டாலின் 'எலெக்ட்ரா'வோடு. அதோடு சரி.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை.

1936இல் குடியரசுக்கு எதிராக ராணுவக் கலகம், அது உள்நாட்டுப் போராக வெடித்தது. ஆகஸ்ட் 11ஆம் தேதி கலகத் தளபதி பிராங்கோவின் படை மெரிடாவைப் பிடித்தது. மூன்று நாளில் பக்கத்து நகரமான பதஹோஸ். அங்கே நடந்த படுகொலையை இன்றும் அந்தப் பகுதி மறக்கவில்லை. ஷிர்குவுக்காகவே நாடகம் எழுதித் தந்த கவிஞர் லோர்காவை அதே மாதம் கிரானடா அருகே சுட்டுக் கொன்றார்கள். உனாமுனோ முதலில் கலகக்காரர்களை ஆதரித்தார், பிறகு அக்டோபரில் சலமான்காவில் மேடையிலேயே அவர்களை எதிர்த்துப் பேசினார், பதவி போனது, வீட்டுக்காவலில் அந்த வருடம் டிசம்பர் 31இல் இறந்தார். அஸான்யா 1940இல் பிரான்சில் அகதியாகச் செத்தார். அவருடைய மைத்துனரான ரிவாஸ் செரீஃபை ஜெர்மானிய ரகசியப் போலீஸ் பிரான்சில் பிடித்து, போரில் வென்று சர்வாதிகாரியாகியிருந்த பிராங்கோவிடம் ஒப்படைத்தது. மரண தண்டனை விதித்து, பிறகு சிறையாகக் குறைத்தார்கள். அந்த மனிதர் சிறைக்குள் கைதிகளை வைத்து நாடகம் போட்டார். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. விடுதலைக்குப் பிறகு மெக்சிகோ போய் அங்கேயே காலமானார்.

ஷிர்கு 1936 தொடக்கத்தில் லத்தீன் அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனவர், திரும்பவே முடியவில்லை. புதிய ஆட்சி அவருடைய சொத்தைப் பறித்து, நாட்டுக்குள் நுழையவும் தடை போட்டது. செனகாவின் மெடியாவில் கோரஸ் (மேடையில் நிற்கும் பாடகர் குழு) ஒன்று பாடும், ஒரு காலம் வரும், பெருங்கடல் கட்டவிழும், புதிய உலகங்கள் தெரியும் என்று. கொலம்பஸைப் பற்றிய தீர்க்கதரிசனம் என்று அவருடைய மகனே தன் பிரதியின் ஓரத்தில் எழுதி வைத்தார். நாடுகடத்தப்பட்ட மெடியாவாக நடித்த பெண், அந்தக் கடலைத் தாண்டிய பிறகு தானே நாடுகடத்தப்பட்டவள் ஆனார். 1945இல் புவனோஸ் ஐரிஸில் லோர்காவின் கடைசி நாடகத்தை முதன்முதலாக மேடையேற்றியது அவர்தான். உருகுவேயின் மொந்தெவிதேயோவில் நடிப்புப் பள்ளியைக் கட்டி எழுப்பினார். 1969இல் அங்கேயே இறந்தார். அவர் உடலின் மிச்சம் சொந்த ஊரான மோலின்ஸ் தெ ரெய்க்கு வந்தது 1988இல்.

விழா மறுபடி உயிர் பெற்றது 1950களில், அதே பிராங்கோ ஆட்சியில். ரோமப் பெருமை அந்த ஆட்சிக்கு வசதியாக இருந்தது. அதற்காக அந்தக் காலத்து நாடகங்களை நான் ஒதுக்கமாட்டேன். பிரான்சிஸ்கோ ராபால் மாதிரி நடிகர்கள் அங்கே வளர்ந்தார்கள். மூச்சு முட்டுகிற ஒரு நாட்டில் ஆன்டிகனி, ஈடிபஸ் என்ற பழைய கிரேக்க நாடகங்களைக் கேட்க ஆயிரக்கணக்கானவர்கள் வந்து உட்கார்ந்ததே பெரிய விஷயம். ஆனால் ஒரு கணக்கு மட்டும் பாருங்கள். 2024இல் 70ஆவது விழா நடந்தது. 1933இலிருந்து விடாமல் நடந்திருந்தால் அது 92ஆவது. நடுவில் காணாமல் போன அந்த 22இல் பெரும்பகுதி போரும் சர்வாதிகாரமும் விழுங்கியவை. விழாவின் வரலாறே அந்த ஓட்டையில்தான் இருக்கிறது என்பேன்.

இப்போது தொலைக்காட்சி நட்சத்திரங்களை வைத்து, பண்டைய ரோம நாடகாசிரியர் பிளாட்டஸின் நகைச்சுவைகளை ஓட்டுகிறார்கள், தரம் போய்விட்டது என்று ஒரு புலம்பல் கேட்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிளாட்டஸ் எழுதியதே கூட்டம் சிரிப்பதற்கு. மெரிடா இருக்கும் எக்ஸ்த்ரெமதூரா பகுதியின் ஜூலையில் பகலில் 40 டிகிரியைத் தாண்டும், அதனால் நாடகமே இரவு பதினொரு மணியை ஒட்டித்தான் தொடங்கும். உட்காரும் கல்லில் அப்போதும் சூடு இருக்கும். பாட்டிமார் கையில் மெத்தை, மடியில் விசிறி. விசிறிகள் படபடக்கிற சத்தம் வசனத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருக்கும், ஒரு நல்ல கட்டம் வந்தால் மொத்த விசிறியும் நின்றுவிடும். அந்தப் பாட்டிமார்தான் இந்த விழாவைக் காப்பாற்றுகிறார்கள். 2020இல் தொற்று காரணமாக உலகம் முழுக்க அரங்குகள் மூடிக் கிடந்தபோதும், இருக்கைகளைக் குறைத்து விழாவை நடத்தினார்கள்.

பழைய நாடகத்துக்கு அரசுப் பணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் என் பதில் மெரிடாதான். தோண்டியதும் பொதுப்பணம், 1933இல் மெடியாவை மேடையேற்றியதும் அரசு ஆதரவு. சீட்டு விற்று லாபம் வந்தால்தான் போடுவேன் என்று அன்றைக்கு யாராவது உட்கார்ந்திருந்தால் அந்த இடம் இன்றைக்குப் படம் எடுத்துக்கொள்ளும் இடிபாடாக மட்டும் இருந்திருக்கும்.

மொந்தெவிதேயோவில் ஷிர்கு உருவாக்கிய பள்ளி அவர் பெயரோடு இன்றும் நடக்கிறது. என் ஆசை ஒன்றுதான். அந்தப் பள்ளிப் பிள்ளைகளை மெரிடாவுக்கு வரவழைத்து, உனாமுனோவின் அதே உரைநடையில் அந்த மெடியாவை ஒரு கோடையில் போட வைக்க வேண்டும். அது நடந்தால் கடன் வாங்கியாவது போய்ப் பார்த்துவிடுவேன்.