வேறு இடம் எங்கே இருக்கிறது?

ஒரு சிகிச்சைக்கு வருகிறவர் அதோடு சேர்ந்த இன்னொன்றையும் தங்களிடமே எடுக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரிகள் கட்டாயப்படுத்துவது பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன். "விருப்பமில்லாவிட்டால் நோயாளி வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தானே" என்று கட்டுரையாளர் லேசாகச் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் 1984இல் ஜெஃபர்சன் பாரிஷ் வழக்கில் வென்றதும் ஏறக்குறைய இதே நியாயம்தான். சத்திரசிகிச்சைக்குப் போகிறவர் ஆஸ்பத்திரி ஒப்பந்தம் போட்ட ஒரே நிறுவனத்தின் மயக்க மருந்து வைத்தியரைத்தான் எடுக்கவேண்டும், ஆனாலும் அந்த வட்டார நோயாளிகளில் 70 வீதமானோர் வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் போவதால் கட்டாயப்படுத்தும் பலம் அந்த ஆஸ்பத்திரிக்கில்லை என்றது உச்ச நீதிமன்றம். சத்திரசிகிச்சையும் மயக்க மருந்து கொடுப்பதும் தனித்தனிச் சேவைகள் என்று ஒத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னது, கட்டுரையில் அது விடுபட்டுவிட்டது.

சரி, யாழ்ப்பாணத்துக்கு வருவோம். அம்மாவின் கண்புரைக்குத் தனியார் இடமொன்றுக்குப் போனோம். கண்ணுக்குள் வைக்கிற வில்லையை (லென்ஸை) வெளியில் வாங்கி வரட்டா என்று கேட்டேன், கவுண்டரில் இருந்த பிள்ளை தலை நிமிராமலே "இங்கதான் எடுக்கவேணும் அண்ணை" என்றா. பில்லில் வில்லைக்கு எவ்வளவு, வைத்தியருக்கு எவ்வளவு என்று ஒன்றுமில்லை, 'பக்கேஜ்' என்று ஒரே வரி. வெளி வில்லையில் பிழை வந்தால் யார் பொறுப்பு என்பார்கள், அது நியாயம்தான், ஆனால் விலையைப் பிரித்துப் போட என்ன தடை? அரச போதனா வைத்தியசாலையில் காசு கட்டத் தேவையில்லை, ஆனால் காத்திருக்கவேணும். இல்லையென்றால் கண் மங்கின மனுசியோடு கொழும்புக்கு இராப் பஸ், கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். இலங்கையின் 2003ஆம் ஆண்டு நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்தில் போட்டிக்கு எதிரான நடைமுறைகள் பற்றியும் இருக்கிறது, கட்டுரையாளர் அடுத்ததாக அதை எழுதட்டும்.