நெல்லுக்குத் தார்ப்பாய், பந்திக்கு ஏசி

அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற அந்த மிஷினை என்றைக்காவது ஒரு நாள் பிடுங்கி வாய்க்காலில் எறியத்தான் போகிறேன். கைக்கு அடக்கமான ஒரு டப்பா. ஒரு பிடி நெல்லைப் போட்டு மூடினால் ஒரு எண்ணைக் காட்டும். போன ஐப்பசியில் எங்கள் குறுவை நெல்லுக்கு முதல் நாள் அது காட்டியது 19.4. "காய வச்சு எடுத்துட்டு வாங்க பெரியவரே" என்று அப்பாவிடம் சொன்னார்கள். காய வைத்தோம். 18.2. திரும்பக் காய வைத்தோம். 17.6. "இன்னும் அரைப் புள்ளிதான், ஒரு வெயில் போதும்" என்றார்கள். அந்த ஒரு வெயில் வரவில்லை. மழைதான் வந்தது.

17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள், அதுதான் விதி. விதி தப்பு என்று நான் சொல்லவே இல்லை. ஈர நெல்லை மூட்டை பிடித்து அட்டி போட்டால் உள்ளே சூடேறிப் பழுத்துப் போகும், அரைத்தால் அரிசி மஞ்சளாக வரும், அதையும் யாரோ ஒருவர் ரேஷனில் வாங்கித் தின்ன வேண்டும். எல்லாம் தெரியும். ஆனால் ஐப்பசி மாதத்தில், வானம் மூடிக் கிடக்கிற நாளில், 17-க்கு நான் எங்கே போவது? ஒவ்வொரு வருஷமும் மழை பெய்த பிறகு மனு போகும், டெல்லியிலிருந்து ஒரு குழு வரும், நெல்லைக் கையில் அள்ளிப் பார்ப்பார்கள், போட்டோ வரும். 2023 பிப்ரவரியில் பருவம் தப்பிய மழைக்கு 20 சதவீதம் வரை தளர்த்தினார்கள். வடகிழக்குப் பருவமழை என்ன திடீரென்று பெய்கிற மழையா? எங்கள் தாத்தா காலத்திலிருந்து ஐப்பசியில்தான் பெய்கிறது. நாட்காட்டியில் இருக்கிற மழைக்கு எதற்குக் குழு?

காய வைத்தோம் என்று சொன்னேன் அல்லவா, அது ரோட்டில்தான். அதற்கும் திட்டு. மன்னார்குடி பக்கம் பைக்கில் போகிறவர்கள் எல்லாம் "ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுக் களமா" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். நியாயம்தான். வண்டி சறுக்கி விழுந்தவர்களை நானே தூக்கி விட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் ஊர் களம் இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டியும் சமுதாயக் கூடமும் நிற்கின்றன. மிச்சம் இருக்கிற சிமென்ட் தளம் நான்கு பேர் நெல்லுக்கு மேல் கொள்ளாது. ஊரில் குறுவை போட்டவர்கள் அறுபது பேர்.

கொள்முதல் நிலையம் என்றால் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு திடல். அங்கே ஒரு தூற்றும் மிஷின், ஒரு தராசு, சாக்குக் கட்டு, நாற்காலி ஒன்று. எங்கள் நெல் அந்தத் திடலில் பதினாறு நாள் கிடந்தது. டோக்கன் எண் 47. ஐந்து நாள் சாக்கு இல்லை. சாக்கு வந்தபோது லாரி இல்லை. ஏற்கெனவே எடை போட்ட மூட்டைகள் போகாமல் புது மூட்டை போட இடம் இல்லை. லாரி வந்தபோது மழை. (நடுவில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கும் இருக்கிறது. அதைப் பற்றி விவரமாக எழுதினால் அடுத்த பருவம் அப்பா அந்தத் திடல் பக்கம் போக முடியாது. டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.)

பதினொன்றாம் நாள் ராத்திரி கொட்டிய மழை மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் காலையில் தார்ப்பாயை விலக்கியபோது நானும் இருந்தேன். முதலில் முகத்தில் அடித்தது ஆவி. நெல் அம்பாரத்துக்குள் இருந்து, சோறு வடித்த பானையைத் திறந்த மாதிரி ஒரு சூடு. அப்புறம் ஒரு புளித்த வாடை. மேலே இருந்த நெல் ஈரமாக இருந்ததே தவிர நன்றாகத்தான் இருந்தது. அப்பா முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டார். அடியிலிருந்து அவர் இழுத்ததை நெல் என்று சொல்ல முடியாது. அது பாய். வெள்ளை வேர்கள் ஒன்றோடு ஒன்று பின்னி, பச்சை முளை எட்டிப் பார்க்கிற பாய். விதை நெல்லை ஊற வைத்து மூட்டம் போட்டு முளை கட்டுவோமே, அதைவிட அழகாக முளைத்திருந்தது. விதை உறக்கம், அதாவது அறுத்ததும் முளைக்காமல் கிடக்கிற குணம், குறைவான ரகங்களில் தண்ணீர் பட்டு இரண்டு மூன்று நாள் சூட்டில் கிடந்தால் போதும், அதன் வேலையை அது பார்த்துவிடும். நாற்றங்காலில் இப்படி வந்திருந்தால் அப்பா அக்கம்பக்கத்தை எல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "அடிய தனியா அள்ளுடா தம்பி" என்றார், அவ்வளவுதான்.

தனியாக அள்ளியது 23 சிப்பம். சிப்பத்துக்கு 40 கிலோ. 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்கு ஊக்கத்தொகையோடு சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், ஆக ஒரு சிப்பம் 1,018. வாத்துப் பட்டி போடுகிறவர் ஒருவர் வந்து சிப்பம் 400 என்று எடுத்துக்கொண்டு போனார். கணக்குப் போட்டால் பதினாலாயிரத்துச் சொச்சம் போனது. எங்களுக்கு நான்கு ஏக்கர், சமாளித்துக்கொண்டோம். குத்தகைக்கு எடுத்துப் போட்டவன் கதி?

"ஏன் சார், விவசாயி காய வைத்துக் கொண்டு வந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு விஷயம். கையறுப்பு இருந்த காலத்தில் அறுத்த தாளை அரி அரியாக வயலிலேயே போட்டு, ஒரு வெயில் காட்டி, கட்டுக் கட்டி, களத்துக்குக் கொண்டுபோய் அடித்துத் தூற்றுவதற்குள் பாதி ஈரம் தானாகப் போய்விடும். இப்போது பெல்ட் வண்டி, அதான் அறுத்து அடித்துக் கொட்டுகிற அறுவடை இயந்திரம், வருகிறது. காலையில் நிற்கிற பயிர் மத்தியானம் டிரெய்லரில். பச்சை நெல். வண்டி சேலம் பக்கத்திலிருந்து வர வேண்டும், மணிக் கணக்கில் வாடகை; அவன் எங்கள் தெருவுக்கு வருகிற அன்று அறுக்காவிட்டால் அப்புறம் பத்து நாள் ஆகும். அதனால் ஊரே ஒரே நாளில் அறுக்கிறது.

இதுதான் என் வயிற்றெரிச்சலின் மையம். எல்லாம் ஒரே நாள். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தால் எல்லோருக்கும் ஒரே தண்ணீர். கடையில் கிடைக்கிற இரண்டு மூன்று ரகம்தான் விதை, எல்லாம் 105, 110 நாள். ஒரே வாரம் நடவு, ஒரே வாரம் அறுப்பு, ஒரே திடல், ஒரு மிஷின். 1960-களில் நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று என்று தீவிர வேளாண்மைத் திட்டத்தை இங்கேதான் கொண்டுவந்தார்கள். ஆடுதுறை 27 நெல் ரகம் வந்தது, உரம் வந்தது, இரண்டு போகம் ஆனது. பசி தீர்ந்தது, அதை மறுக்கிறவன் சோறு தின்னத் தகுதியில்லாதவன். ஆனால் அறுபது வருஷமாக ஒரே பாட்டு: பரப்பைக் கூட்டு, விளைச்சலைக் கூட்டு, சாதனை. விளைந்ததை வைக்க இடத்தைக் கூட்டு என்று ஒருவரும் ஒரு பேனர் கட்டிப் பார்த்ததில்லை. உலர்த்தும் இயந்திரம் வரும் என்ற பேச்சு மட்டும் வருஷா வருஷம் வருகிறது. பேச்சில் ஈரம் இல்லை, அதுவரை சந்தோஷம்.

பாபநாசம் பக்கத்தில் திருப்பாலைத்துறைக் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? உள்ளே நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. வட்டமாக, கூம்பிய கூரையோடு, செங்கலும் சுண்ணாம்புமாக. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரகுநாத நாயக்கர் காலத்தில் கட்டியது, 3,000 கலம் நெல் கொள்ளுமாம். இன்று அது தொல்லியல் துறை பாதுகாக்கிற சின்னம். நானூறு வருஷத்துக்கு முன்னால் நெல்லுக்குக் கட்டிய கட்டடத்தைக் கம்பி வேலி போட்டுப் பாதுகாக்கிறோம். நெல்? அது திடலில் இருக்கிறது, பொத்தல் தார்ப்பாய்க்கு அடியில். எங்கள் வீட்டிலும் நெல் கொட்டி வைக்கிற மரப் பத்தாயம் ஒன்று இருந்தது. பலகையைக் கழற்றி மாட்டுக் கொட்டகைக்குக் கதவு அடித்துவிட்டோம். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

சரி, இது பாதிக் கதை. மீதிக் கதையை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்க்கிறேன். எட்டு வருஷமாக ஒரு கல்யாண மண்டபத்தில் கணக்கு எழுதுகிறேன். காலையில் திடலில் அப்பாவோடு நின்றுவிட்டு, மத்தியானம் மண்டபத்துக்குப் போய் பந்தி இலைக் கணக்கு எடுப்பேன். அந்தக் குறுவைத் தொல்லை முடிந்து, கார்த்திகையில் ஒரு கல்யாணம். 600 இலைக்குச் சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டது 430. மீதி 170 இலைச் சாப்பாடு அண்டாவில் நின்றது.

உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன், பழக்க தோஷம். இலைக்கு 150 கிராம் அரிசி போடுவார் சமையல் மாஸ்டர். 170 இலைக்கு இருபத்தைந்தரைக் கிலோ. ஒரு சிப்பம் நெல் அரைத்தால் கிடைக்கிறது 26, 27 கிலோ அரிசி. அதாவது ஒரு சிப்பம். டோக்கன் வாங்கி, மிஷினில் எண் பார்த்து, பதினாறு நாள் காவல் காத்து, அரைப் புள்ளிக்காகக் கெஞ்சினோமே, அந்த மாதிரி ஒரு சிப்பம் ஒரே மத்தியானத்தில் பின்பக்கக் குழிக்குப் போனது. ஒரு கிலோ அரிசி விளைய வயலுக்குச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் என்று சொல்வார்கள். 26 கிலோவுக்கு 65,000 லிட்டர், ஐந்து டேங்கர் லாரிக்கு மேல். இந்தத் தண்ணீருக்காகத்தான் கர்நாடகத்திலிருந்து வரும் காவிரியை எல்லையில் பிலிகுண்டுலுவில் டிஎம்சி கணக்குப் பார்க்கிறோம், உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்ன 177.25-இல் பாயிண்ட் குறைந்தால் பஸ்ஸை மறிக்கிறோம்.

இத்தனைக்கும் இது இலையில் விழாத சோறு மட்டும். இலையில் விழுந்து மூடப்பட்டது தனி. முன்பு "சாதம் போடவா?" என்று கேட்டுப் போடுவார்கள். இப்போது ஆள் உட்காருவதற்கு முன்பே இலையில் பதினெட்டு ஐட்டம் காத்துக்கொண்டிருக்கிறது. வாழைக்காய் வறுவலுக்குப் பக்கத்தில் கோபி மஞ்சூரியன், அதற்குப் பக்கத்தில் ஒரு நான் துண்டு, பனீர், அதன் மேல் வழிந்து வரும் பால் பாயசம். உட்கார்ந்தவர் சர்க்கரைக்காரர். ஒரு கரண்டி சாம்பார் சாதமும் மோரும் சாப்பிட்டுவிட்டு இலையை மூடுகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் ஒன்றும் கேட்கவில்லையே. கேட்டால் பெண் வீட்டுக்காரர் சொல்வார், "நூறு இலை மிஞ்சினா பரவால்ல தம்பி, நாலு இலை கொறஞ்சா மானம் போயிரும்." மானம் எத்தனை சிப்பம் என்று நான் கேட்கவில்லை. வேலை போய்விடும்.

மிஞ்சியதைக் கொடுத்துவிடலாமே என்பீர்கள். அன்றைக்கும் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்துக்குப் போன் போட்டேன். "நீங்க நாலாவது மண்டபம் சார், பாத்திரமே இல்லை" என்றார்கள். முகூர்த்த நாளாச்சே. ஊரில் எல்லா மண்டபத்திலும் அன்றைக்குத்தான் கல்யாணம். நேற்று அந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று யாரும் போன் போட்டிருக்க மாட்டார்கள், நான் உட்பட. அப்புறம் மாடு வைத்திருக்கிறவரைக் கூப்பிட்டேன். வந்து காய்கறிக் கழிவையும் கூட்டையும் எடுத்துக்கொண்டார். "சோறு மட்டும் வேணாண்ணே, போன தடவ மாடு வயிறு உப்பிப் போயி, டாக்டரு வந்து காப்பாத்துனாரு" என்றார். சோற்றை அதிகமாகத் தின்றால் மாட்டுக்கு ஆகாது. எனவே குழி.

ஐ.நா. ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2022-இல் உலகம் வீணாக்கிய சாப்பாடு 105 கோடி டன், இந்தியாவில் வீடுகளில் மட்டும் ஆளுக்கு வருஷத்துக்கு 55 கிலோ. படித்ததும் நான் தேடியது எங்கள் 23 சிப்பத்தை. அது அந்தக் கணக்கில் வராது. கடை, ஓட்டல், மண்டபம், வீடு என்று இந்தப் பக்கம் வீணாவதுதான் அதில் சேரும். திடலில் முளைத்தது வேறு ஏட்டில், "இழப்பு" என்ற பெயரில். மண்டபச் சோறு வீண், அப்பாவின் நெல் இழப்பு. பெயராவது மரியாதையாக வைத்திருக்கிறார்கள்.

எங்கள் மண்டபத்தில் கை கழுவுகிற இடத்துக்கு மேலே ஒரு போர்டு இருக்கிறது. ஏர் பிடித்த விவசாயி படம், "உணவை வீணாக்காதீர்" என்று கொட்டை எழுத்து. சாப்பிட்டு முடித்து, இலையை மூடிவிட்டு, கை கழுவும்போது படிப்பதற்கு. அதை உள்ளே, பரிமாறுகிற இடத்தில் மாட்டலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். வீடியோவில் விழும், வேண்டாம் என்றுவிட்டார்.

நாளைக்கு ஒரு வளைகாப்பு. வருகிறவர்கள் 300 பேர் என்று அவர்களே சொல்கிறார்கள், 450 இலைக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள். ஏழு வகைச் சாதம். மாட்டுக்காரருக்கு இப்போதே போன் போட்டுச் சொல்ல வேண்டும், சோறுதான் இருக்கும், வர வேண்டாம் என்று.