பீட்டர் கேப்ரியல் 1986 வரை மறக்கப்பட்டவர் அல்லர்

ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவை விட்டு வெளியேறிய பாடகர் பீட்டர் கேப்ரியல் 11 ஆண்டுகள் அடையாளமின்றிக் கிடந்து, 1986இல் ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ பாடலால்தான் மீண்டார் என்று நண்பர் எழுதியிருப்பது சரியன்று. அவர் விலகியது 1975இல். முதல் தனிப்பாடலான ‘சால்ஸ்பரி ஹில்’ 1977இலேயே பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 13ஆம் இடத்தைப் பிடித்தது. 1980இல் வந்த மூன்றாவது ஆல்பமோ அங்கு முதலிடத்தையே எட்டியது. தென்னாப்பிரிக்கக் காவலில் உயிரிழந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிக்கோவைப் பற்றிய பாடல் இருப்பது அதில்தான். அதே ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர்களுள் ஒருவர், ஜெனிசிஸில் அவருடைய இடத்தில் பாட வந்த ஃபில் காலின்ஸ் என்பதால், அவர்கள் பகையோடு பிரிந்தார்கள் என்ற பேச்சையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை.

நம் சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் பூங்காவில் பல ஆண்டுகள் நடந்த வோமாட் என்ற உலக இசை விழாவும் அவர் பிறரோடு சேர்ந்து தொடங்கியதே. 1982இல் இங்கிலாந்தில் நடந்த முதல் விழா பெருங்கடனில் முடிந்தபோது, அதை அடைப்பதற்காகப் பழைய ஜெனிசிஸ் தோழர்களே அவரோடு ஒன்றுகூடி ஓர் இரவு மேடையேறினார்கள்.

1986 அவருடைய விற்பனை உச்சம் என்பது உண்மை. அமெரிக்காவில் ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ முதலிடத்திலிருந்து இறக்கியது, வேடிக்கை என்னவென்றால், ஜெனிசிஸின் பாடலைத்தான்.