கொஞ்சம் மிதிக்க விடுங்கப்பா

சனிக்கிழமை விடிகாலை 4.45-க்கு அலாரம் வைத்து எழுந்தது மூன்று மணி நேரம் சைக்கிள் மிதிக்க. மிதித்தது 11 நிமிடம். மிச்ச நேரமெல்லாம் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து பாட்டம் பிராக்கெட்டோடு, அதாவது இரண்டு பெடலையும் இணைக்கும் தண்டு சுற்றுகிற பேரிங் பகுதியோடு, மல்லுக்கட்டினேன். இதை யாரிடமாவது கொட்டித் தீர்க்காவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது.

வலது கால் கீழே இறங்கும்போதெல்லாம் ஒரு 'டிக்'. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 90 'டிக்'. ஏற்றத்தில் கொஞ்சம் அழுத்தினால் அது 'டடக்' ஆகிறது. மனுஷனைப் பைத்தியமாக்க வேறொன்றும் வேண்டாம். என்னுடையது கார்பன் ஃபிரேம், பிரஸ்ஃபிட் பாட்டம் பிராக்கெட். அதாவது மரையே கிடையாது. ஃபிரேமில் இருக்கிற ஓட்டைக்குள் பேரிங்கை அழுத்தித் திணித்திருப்பார்கள். ஓட்டை மயிரிழை பெரிதாக இருந்தால் பேரிங் உள்ளே அசைந்து முனகும். இரண்டு பக்க ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் பேரிங் சீக்கிரமே தேய்ந்து போகும். பழைய மரை வைத்ததில் இந்த வம்பே இல்லை. ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் வெளியே வரும், கிரீஸ் தடவித் திருகினால் உள்ளே போகும். செயின் இருக்கிற பக்கம் மட்டும் தலைகீழ் மரை என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். கால் மணி நேர வேலை.

எனக்கு வாய்த்ததோ சுத்தியல் வேலை. கார்பன் ஃபிரேமை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, உள்ளே ஒரு கருவியை விட்டு, சுத்தியலால் தட்டித் தட்டிப் பேரிங்கை வெளியே தள்ள வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது. பல மாதச் சம்பளத்தைப் போட்டு வாங்கிய சாமானைச் சுத்தியலால் அடிக்கச் சொல்லும் பொழுதுபோக்கு இது ஒன்றாகத்தான் இருக்கும்.

சரி, கழற்றியாச்சு, புதுப் பேரிங் போட்டுவிடலாம் என்று தேடினால் அங்கே ஒரு தனி நரகம். பிபி30, பிஎஃப்30, பிபி86, பிபி90, பிபிரைட், 386 என்று பாட்டம் பிராக்கெட்டில் அத்தனை வகை. ஒன்றின் ஓட்டை 41 மில்லிமீட்டர், இன்னொன்று 42, மற்றொன்று 46. பெடலைத் தாங்கும் கை இருக்கிறதே, கிராங்க், அதன் தண்டோ ஷிமானோ கம்பெனியில் 24 மில்லிமீட்டர், வேறு சிலவற்றில் 30, ஸ்ராம் கம்பெனியின் டப் வகை என்றால் 28.99. இருபத்தெட்டு புள்ளி ஒன்பது ஒன்பது! முழுசாக 29 என்று சொல்ல என்ன கேடு? இத்தனை அளவையும் எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால், எடை குறையும், ஃபிரேம் விறைப்பாக இருக்கும் என்றார்கள். கேட்டுக்கொண்டோம். அப்புறம் என்ன ஆயிற்று? டி47 என்று ஒன்று வந்தது. அது என்னவென்று பார்த்தால், கிட்டத்தட்ட பிஎஃப்30 அளவு ஓட்டைக்குள் மறுபடியும் மரை போட்டிருக்கிறார்கள். மரையை எடுத்தவர்களில் பலர் இப்போது மரைக்கே திரும்பிவிட்டார்கள். அதையும் புது வசதி என்றுதான் விற்கிறார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டதற்கு நம்மிடம் வாடகை!

இதில் பெரிய கொடுமை இன்னும் வரவில்லை. பேரிங்கைத் துடைத்து, கிரீஸ் தடவி, மறுபடி அழுத்திப் பூட்டி, கிராங்கை மாட்டி, ரோட்டுக்கு வந்து மிதிக்கிறேன். டிக். அதே டிக். ஆத்திரத்தில் சீட்டைவிட்டு எழுந்து நின்று ஓங்கி மிதித்தேன். சத்தம் நின்றுவிட்டது. உட்கார்ந்தேன், டிக். எழுந்தேன், மௌனம். சத்தம் சீட்டைத் தாங்கும் கம்பத்தில், சீட் போஸ்டில்! அதைப் பிடிக்கிற ஆப்பு மாதிரியான துண்டில் தூசி. கழற்றித் துடைத்து, கார்பன் பேஸ்ட் தடவி, 5 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினேன். நாலு நிமிடம். எழுந்து நின்று பார்க்கிற சோதனையைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அடுத்தவருக்குச் சொல்லிக்கூட இருக்கிறேன். பிரஸ்ஃபிட்டுக்கு அவ்வளவு கெட்ட பேர் இருப்பதால், சத்தம் வந்ததும் கை தானாகச் சுத்தியலுக்குப் போய்விட்டது.

ஹேண்டில்பாருக்குள்ளேயே ஒளிந்து ஓடும் பிரேக் குழாய்களைப் பற்றி நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஹேண்டில்பார் திரும்புகிற இடத்தில் இருக்கும் மேல் ஹெட்செட் பேரிங் ஒன்றை மாற்ற ஹைட்ராலிக் குழாயை வெட்டி, எண்ணெயை மாற்றி, காற்றுக் குமிழை எல்லாம் எடுக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்குமாம். எனக்கு அழகு வேண்டாம், பேரிங்கை மாற்ற வேண்டும்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வாயாரப் பாராட்டு உண்டு: டயர். 23 மில்லிமீட்டர் டயரில் கல்லு மாதிரி காற்றடித்துக்கொண்டு முதுகெலும்பு குலுங்க ஓட்டிய காலம் போய், 28, 30 என்று அகலமாகி, காற்றும் குறைந்திருக்கிறது. உடம்புக்கு நிஜமாகவே நல்லது. ஆனால் நல்லதைச் செய்தோமே என்று சும்மா இருந்தார்களா? ரிம்மில் டயரைக் கவ்விப் பிடிக்கும் கொக்கியையே எடுத்துவிட்டு, இந்த ரிம்முக்கு இந்த டயர்தான், காற்றழுத்தம் 5 பாருக்கு மேல் கூடாது என்று ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள். 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் பந்தயத்தில் தாமஸ் டி ஜென்ட் என்ற வீரர் விழுந்து, அவருடைய டயர் அப்படிப்பட்ட கொக்கியில்லாத ரிம்மைவிட்டுக் கழன்று கிடந்ததை உலகமே பார்த்தது. அது ஏன் கழன்றது என்று நிபுணர்களே வாரக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். அலுவலகம் முடிந்து வந்து, ராத்திரி 9 மணிக்கு ரிம்மின் உள் அகலத்தை அளந்துகொண்டு நிற்கிற நான் யாரிடம் போய்க் கேட்பது?

எனக்குக் கிடைப்பது வாரத்துக்கு எட்டு மணி நேரம். வேலை, வீடு, தூக்கம் எல்லாவற்றையும் கெஞ்சிப் பறித்த எட்டு மணி. அந்த எட்டிலும் ஆளாளுக்குப் பங்கு கேட்கிறார்கள்.

சைக்கிள்காரர் சொல்கிறார்: நிதானமாக நிறைய மிதி, பெரும்பகுதி நேரம் மூச்சு வாங்காமல் பேசுகிற வேகத்தில்தான் போகணும். ஜிம்காரர் சொல்கிறார்: எடையைச் சுமந்து உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட் போடாத சைக்கிள்காரனுக்குக் கால் இருந்தும் இல்லாத மாதிரி. ஓட்டக்காரர் சொல்கிறார்: சைக்கிளில் எலும்புக்கு அதிர்வே இல்லை, ஓடினால்தான் எலும்பு உறுதியாகும். இதில் என் எரிச்சலைக் கூட்டுவது என்னவென்றால், மூன்று பேர் சொல்வதும் சரி. சைக்கிள் மட்டுமே ஓட்டுகிறவர்களுக்குக் கீழ் முதுகெலும்பில் அடர்த்தி குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நார்வேயில் ரோனெஸ்டாட் குழுவினர், நன்றாகப் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களை 12 வாரம் கனமான எடை தூக்க வைத்தார்கள். 185 நிமிடம் மிதித்துக் களைத்த பிறகு வருகிற கடைசி ஐந்து நிமிட முழு மூச்சு மிதிப்பில் அவர்களிடம் தெளிவான முன்னேற்றம்.

எதிர்க்கட்சி உடனே 1980-இல் வந்த ஹிக்சனின் ஆய்வை எடுத்துக்கொண்டு வரும். எடைப் பயிற்சியும், ஓட்டம், சைக்கிள் என்று மூச்சு வாங்க வைக்கும் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களின் பலம் கடைசி வாரங்களில் இறங்கிவிட்டது, பார்த்தாயா என்று. பார்த்தேன். அவர்கள் வாரத்தில் 5 நாள் எடை தூக்கி, 6 நாள் மூச்சு வாங்கியவர்கள். என் எட்டு மணி நேரத்தில் அவர்களைப் போலத் திணறுவதற்குக்கூட எனக்கு அவகாசமில்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை மாலை ஸ்குவாட் போட்டேன். கொஞ்சம் ஆசைப்பட்டு நாலாவது செட்டும் போட்டேன். வியாழன் காலை மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். அன்றைக்குத் திட்டத்தில் இருந்தது எட்டு நிமிட இன்டர்வல் நாலு, அதாவது நடுநடுவே ஓய்வு விட்டு அழுத்தி மிதிப்பது. வழக்கமாக 240 வாட் சக்தியில் முடிப்பது, 215-இல் மூச்சு முட்டியது. மூன்றாவதில் இறங்கிவிட்டேன். உடனே பயிற்சிக் கணக்கு வைக்கும் செயலியிலிருந்து ஒரு பரிவான செய்தி: உங்கள் உடல்திறன் குறைந்திருக்கலாம், எஃப்டிபியைக் (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிற வாட் அளவை) குறைத்துக்கொள்ளலாமா?

முந்தின நாள் முதுகில் இரும்பைச் சுமந்தேனே, அது உனக்குத் தெரியாதா? தெரியாது. எஃப்டிபியில் ஒரு மணி நேரம் மிதித்தால் 100 மதிப்பெண் போடுகிற கணக்கு அது. பெடலில் வாட் வராவிட்டால் அதைப் பொறுத்தவரை நான் சோபாவில் படுத்துக் கிடந்தேன். சுத்தியலோடு போன அந்தச் சனிக்கிழமைக்கும், திட்டப்படி மிதிக்கவில்லை என்று, சிவப்புப் பெட்டிதான். மூன்று மணி நேரம் குத்தவைத்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். அதுவும் ஸ்குவாட்தானே!

இப்போது கிராங்க் நீளம் ஒரு புதுக் காய்ச்சல். 2024-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற பொகாச்சார் 165 மில்லிமீட்டர் கிராங்கில் ஓட்டினார் என்றதும், 172.5 வைத்திருந்தவர்களெல்லாம் குற்றவாளி மாதிரி காலைப் பார்த்துக்கொள்கிறார்கள். இடுப்பு மடங்குவது குறையும், எடை தூக்கி இறுகிய இடுப்புக்கு நல்லது என்று எனக்கும் ஓதினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கிராங்கை மாற்றினால் சீட்டை 7.5 மில்லிமீட்டர் ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஹேண்டில்பார் தாழ்வாகத் தெரியும். அதை உயர்த்தப் போனால் உள்ளே ஒளிந்திருக்கிற குழாய் இழுக்கும். நல்ல விலையில் கிடைக்கிற 165 கிராங்கின் தண்டோ வேறு அளவு. ஆக, எடுடா சுத்தியலை.

பொகாச்சாருக்கு என்ன, மெக்கானிக் இருக்கிறார். அவர் தூங்கும்போது சைக்கிளை இன்னொருவர் கழுவி வைக்கிறார், எழுந்தால் காலை இன்னொருவர் பிடித்துவிடுகிறார். அவருக்காகச் செய்த சாமானையும் அவருக்காகப் போட்ட அட்டவணையையும் என் தலையில் கட்டிவிட்டு, நீ ஏன் முன்னேறவில்லை என்று கேட்டால் எப்படி?

இப்போதைக்கு நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். செவ்வாய் காலை இன்டர்வல், அன்றைக்கே மாலை ஸ்குவாட், மூன்று செட்டோடு சரி. புதன் கிழமை ஒன்றும் கிடையாது. கஷ்டத்தையெல்லாம் ஒரே நாளில் மூட்டை கட்டிவிட்டால் மறுநாளாவது கால் என்னுடையது. ஞாயிறு 25 நிமிடம் ஓட்டம், எலும்புக்காக. செயலியின் அறிவிப்புகளை அணைத்துவிட்டேன். அடுத்த சைக்கிள் மரை வைத்த பாட்டம் பிராக்கெட்டோடு, வட்டமான சீட் போஸ்டோடு, கேபிள் வெளியே தொங்கினாலும் பரவாயில்லை என்கிற மாதிரி ஒன்று.

இதையெல்லாம் கூட ஓட்டுகிற நண்பனிடம் போனில் அரை மணி நேரம் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டான். முடித்ததும், "அதெல்லாம் விடுடா, செயினை மெழுகுல போட்டு எடுத்துப் பாத்தியா? முதல்ல பழைய கிரீஸ் மொத்தமும் போற வரைக்கும் கழுவணும். அப்புறம் மெழுகை உருக்கி, உள்ள ஊறவச்சு, தொங்கவிட்டு, ஒவ்வொரு கண்ணியையும் மடக்கி இளக்கணும். முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை செஞ்சா போதும்" என்றான்.

போனை வைத்துவிட்டேன்.